சாரம்மாளின் மருந்து வண்டி

ஆழ்வார்குறிச்சியில் ரேடியோவோ டேப் ரெக்கார்டரோ மக்கர் செய்தால் ஜனங்கள் சாரம்மாள் வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னொரு மெக்கானிக் இருந்தார். ஆனால் அவர் கடை பாதி நாள் பூட்டிக் கிடக்கும். சாரம்மாள் எப்போதும் வீட்டில் இருப்பார். முன்னறை சன்னலை ஒட்டி ஒரு மேஜை, அதன்மேல் ஈயம் பற்றவைக்கும் கம்பி, பிஸ்கட் டப்பாக்களில் பிரித்துப் போட்ட சாமான்கள். அடுப்பில் உலை கொதிக்கிற சத்தத்தையும் மேஜையில் கிடக்கும் ரேடியோவின் கரகரப்பையும் ஒரே காதில் கேட்டுக்கொண்டு வேலை செய்வார்.

இந்தத் தொழிலை அவர் தேடிப் போகவில்லை. பாளையங்கோட்டையில் பெண்களுக்கான தொழிற்பயிற்சி ஒன்றில் தையல் படிக்கத்தான் போனார். தையலில் இடம் நிரம்பிவிட்டது என்று ரேடியோப் பிரிவில் உட்காரவைத்தார்கள். கூடப் படித்த பெண்கள் கல்யாணமானதும் விட்டுவிட்டார்கள். சாரம்மாள் விடவில்லை.

அவர் கணவர் நேசையா மருந்தடிக்கிறவர். வயலில், தோட்டத்தில் பூச்சிக்கு அடிக்கிறோமே, அந்த மருந்து. கடையம் ரோட்டில் இருந்த எலுமிச்சைத் தோட்டங்களில் முக்கால்வாசிக்கு அவர்தான் அடித்தார். பவர் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு அடியில் நின்று மேல்நோக்கி அடிக்க வேண்டும். எலுமிச்சை இலையின் அடிப்பக்கத்தில்தான் பூச்சி இருக்கும். அடித்த மருந்தில் ஒரு பங்கு மழைபோலத் தலையிலும் தோளிலும் திரும்ப விழும். காற்று எந்தப் பக்கம் திரும்பும், எந்த மரத்துக்கு எவ்வளவு போதும் என்பதெல்லாம் நேசையாவுக்கு அத்துப்படி. அந்த வேலையில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர்மேல் அவருக்கு ஆசையும் இருந்தது.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆனி மாதம், உலகம்மாள் டீச்சர் தோட்டத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது விழுந்துவிட்டார். உலகம்மாள் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. புருஷன் வழியில் வந்த தோட்டத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். மோட்டார் ரூமிலிருந்து அவர் பார்த்தபோது நேசையாவின் வாயில் எச்சில் வழிந்தது, சட்டை முழுக்க வேர்வை, பேச்சு குழறியது. உடனே டாக்ஸி பிடித்து, வழியில் சாரம்மாளையும் ஏற்றிக்கொண்டு, நேராகப் பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசிக்குமேல் ஊசியாகப் போட்டுப் பிழைக்கவைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சாரம்மாளிடம் சொன்னார்: "இனி அந்த மருந்துப் பக்கமே அவர் போகக் கூடாதும்மா. இன்னொரு தடவை இப்படி வந்தா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது."

நேசையா ஆவணி வரைக்கும்தான் வீட்டில் இருந்தார். ஒரு நாள் காலையில் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"எங்க கெளம்பிட்டீய?" என்றார் சாரம்மாள்.

"டீச்சர் தோட்டத்துல பூச்சி விழுந்துட்டாம். இலையெல்லாம் சுருண்டு கெடக்காம்."

"டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு. காத்துப் பாத்து அடிச்சா ஒண்ணும் செய்யாது. அன்னைக்குக் காத்து ஏமாத்திட்டு."

அவர் போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்து, சோற்றைப் பிசைந்தவர் கையை உதறினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்தே கொஞ்சம் நடுக்கம் இருந்தது. அன்று கூடுதலாக இருந்தது. சாரம்மாள் பார்த்தும் பார்க்காத மாதிரி குழம்பை ஊற்றினார்.

அவர் மேஜையில் அந்த வாரம் ஒரு பொம்மைக் கார் கிடந்தது. துபாயில் இருக்கும் ஒருவர் பிள்ளைக்கு வாங்கிவந்தது. கையில் ஒரு பெட்டி. அதில் பொத்தானை அமுக்கினால் கம்பியே இல்லாமல் கார் ஓடும், திரும்பும். பிள்ளை அதை மாடியிலிருந்து போட்டு உடைத்துவிட்டான். காரின் உடம்பு நொறுங்கியிருந்தது. ரேடியோ பாகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. "சரிசெய்ய முடியாது" என்று சாரம்மாள் சொன்னதும் அவர்கள், "நீங்களே வச்சுக்கிடுங்க" என்று விட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் சாரம்மாள் உலகம்மாள் டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்.

"டீச்சர், ஸ்பிரேயரை ஒரு வண்டில வச்சுட்டா என்ன? ஆள் வரப்புல நின்னுக்கிடலாம். வண்டி மட்டும் மரத்துக்கு இடையில போகட்டும்."

"வண்டிய யாரு ஓட்டுவா?"

"அவுகதான். தூரத்துல நின்னுக்கிட்டு."

சாரம்மாள் பொம்மைப் பெட்டியைக் காட்டி விளக்கினார். உலகம்மாள் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேசையா மண்ணில் விழுந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

"கொட்டகையில பழைய மொபெட் ஒண்ணு நிக்கி. எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. எடுத்துக்கோ" என்றார். "ஆகலைன்னா ஆகலைன்னு சொல்லிரு. அதுவரைக்கும் இந்தத் தோட்டத்துல யாரும் மருந்தடிக்க வேண்டாம். பூச்சி தின்னா தின்னுட்டுப் போகட்டும். மத்தத் தோட்டக்காரங்ககிட்டயும் அவரக் கூப்பிடாதீங்கன்னு சொல்லுதேன்."

வண்டியின் இரும்பு வேலைக்கும் மோட்டார் வேலைக்கும் சாரம்மாள் அம்பாசமுத்திரத்துக்குப் போனார். அங்கே நாறும்பூநாதன் லாரிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்த்துவந்தார். பக்கத்திலேயே வெல்டிங் பட்டறை. ஒரு கட்டில் அளவுக்கு இரும்புச் சட்டம், பின்னால் மொபெட் எஞ்சின், வேகத்தைக் குறைக்க இன்னொரு செயின், முன்னால் இரண்டு ஸ்கூட்டர் சக்கரங்கள். ஓட்டுவதும் நிறுத்துவதும் சுலபமாக முடிந்தது. பொத்தானை அமுக்கிப் பிடித்தால் ஆக்ஸிலேட்டர் வயரை இழுக்கும், விட்டால் தளர்ந்துவிடும். ரேடியோ அலை எட்டாமல் போனாலும் வண்டி தானாக நின்றுவிடும். மருந்துத் தொட்டியைச் சுமந்துகொண்டு அது இஷ்டத்துக்கு ஓடிவிடக் கூடாது என்பதில் சாரம்மாள் கண்டிப்பாக இருந்தார்.

திருப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

பொம்மையில் திருப்ப இருந்த மோட்டார் ஒரு புளியங்கொட்டை அளவுதான். இங்கே தொட்டி நிறையத் தண்ணீரோடு ஸ்கூட்டர் சக்கரங்களைத் திருப்ப வேண்டும். நாறும்பூநாதன் லாரியில் கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டார் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மெதுவாகச் சுற்றும், ஆனால் பலம் அதிகம். சாரம்மாள் அதை மாட்டிப் பார்த்தார். வலப்பக்கம் திருப்பியது. வயரை மாற்றிக் கொடுத்தால் இடப்பக்கம் திருப்ப வேண்டும். மாற்றிக் கொடுத்தார். அப்போதும் வலப்பக்கமே திருப்பியது.

"ரேடியோவுல இப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல அண்ணாச்சி" என்றார்.

நாறும்பூநாதன் சிரித்தார். "இது பழைய மாடல் தங்கச்சி. உள்ள காந்தத்துக்குப் பதிலா அங்கயும் சுத்துக்கம்பிதான் இருக்கு. ரெண்டும் சேந்து மாறிப்போகுது, அதான் ஒரே பக்கம் சுத்துது. புது லாரியில நெசக் காந்தம் வச்சு வருது. அதுல ஒண்ணு வரட்டும், எடுத்து வைக்கேன்."

புது மாடல் மோட்டார் கிடைக்கப் புரட்டாசி ஆகிவிட்டது. அதை மாட்டியதும் இரண்டு பக்கமும் திரும்பியது. மோட்டார் சுற்றும்போது வரும் தீப்பொறி ரேடியோவைக் குழப்பியதால், ரேடியோ பாகத்தை ஒரு தகர டப்பாவுக்குள் வைத்து மூடினார். பொம்மையின் அலை எட்டும் தூரத்தையும் கூட்டினார். தொட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பி, டீச்சர் தோட்டத்தின் களத்தில் விட்டுப் பார்த்தார்கள்.

இடப்பக்கப் பொத்தானை அமுக்கினார் சாரம்மாள். வண்டி இடப்பக்கம் திரும்பியது. பொத்தானை விட்டார். சக்கரம் திரும்பினபடியே நின்றது. வண்டி வட்டம் போட்டது. நேராக்க வலப்பக்கம் அமுக்கினார், எவ்வளவு அமுக்குவது என்று தெரியவில்லை. தூரத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் நேராக இருக்கிறதா, சற்றுச் சாய்ந்திருக்கிறதா என்று யாரால் சொல்ல முடியும்? வண்டி களத்தை விட்டு இறங்கி ஒரு எலுமிச்சை மரத்தில் போய் முட்டி நின்றது. காய்கள் பொலபொலவென்று தொட்டிமேல் விழுந்தன.

நேசையா வரவில்லை. வண்டி வேலை ஆரம்பித்ததிலிருந்தே அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று சாயங்காலம் விஷயம் காதுக்கு வந்ததும்தான் வாயைத் திறந்தார்.

"மரத்துல முட்டிட்டாமே?"

"ஆமா. சரிபண்ணிரலாம்."

"சரிபண்ணி? நான் வெளையாட்டுப் பிள்ளையாட்டம் பொத்தானை அமுக்கிட்டு வரப்புல நிக்கணுமாக்கும். ஊர்ல சிரிக்க மாட்டானா?"

"உங்களத் தூக்கிட்டுப் போகும்போது ஊர்ல எவனும் சிரிக்கலை" என்றார் சாரம்மாள்.

பொத்தானை விட்டதும் சக்கரம் தானாக நடுவுக்கு வர வேண்டும். இதுதான் கேள்வி. சக்கரம் எங்கே இருக்கிறது என்று வண்டிக்கே தெரிந்தால்தான் அது நடக்கும். சாரம்மாளுக்கு விடை மேஜையிலேயே இருந்தது. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டக் குறைக்கத் திருகுகிறோமே, அந்தக் குமிழுக்குப் பின்னால் இருப்பது வால்யூம் கண்ட்ரோல். எவ்வளவு திருகியிருக்கிறோமோ அதற்கேற்ற மின்சாரம்தான் அதன் வழியே வரும். அதைச் சக்கரத்தின் அச்சோடு கோத்துவிட்டார். சக்கரம் திரும்பினால் குமிழும் திரும்பும். வருகிற மின்சாரத்தை ஒரு சின்ன சர்க்யூட் பார்த்துக்கொண்டே இருக்கும். பொத்தான் அமுங்கியிருந்தால் அந்தப் பக்கம் முழுசாகத் திருப்பும். எதுவும் அமுங்காதிருந்தால், சக்கரம் நடுவுக்கு வரும்வரை மோட்டாரைச் சுற்றவைக்கும்.

வந்தது. ஆனால் நடுவில் நிற்கவில்லை. வந்த வேகத்தில் நடுவைத் தாண்டியது, திரும்ப இழுத்தது, மறுபடி தாண்டியது. முன்சக்கரங்கள் ஈரக்கோழி மாதிரி உதறிக்கொண்டே இருந்தன. நடுவைக் கொஞ்சம் அகலமாக்கிப் பார்த்தார், அந்த இடத்துக்குள் எங்கே வந்தாலும் சரி என்று. உதறல் குறைந்தது, ஆனால் வண்டி கோணலாகப் போனது. கடைசியில் வண்டியை ஒரு வேனில் ஏற்றி அம்பாசமுத்திரத்துக்கே கொண்டுபோனார்.

நாறும்பூநாதன் குத்தவைத்து உட்கார்ந்து அந்த உதறலைப் பார்த்தார்.

"தங்கச்சி, லாரியில வைப்பரை நிறுத்துனா அது எங்கன போயி நிக்கும்?"

"கண்ணாடிக்குக் கீழ, ஓரத்துல."

"டக்குனு நிக்கும்லா? தாண்டிப் போகாதுல்லா? அது எப்படின்னா, கரண்டை நிறுத்துன கையோட மோட்டாரோட ரெண்டு வயரையும் ஒண்ணா முட்டவச்சிருவான். மோட்டாரு தன்னைத் தானே பிடிச்சு நிறுத்திக்கிடும்."

சாரம்மாள் மோட்டாருக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் ரிலே சுவிட்சைத் திறந்து பார்த்தார். பிறகு, "அப்ப ரிலேயில இன்னும் ஒரு வயர் போதும்" என்றார். அங்கேயே உட்கார்ந்து பற்றவைத்தார். பொத்தானை அமுக்கி விட்டார். சக்கரம் திரும்பியது, நடுவுக்கு வந்தது, நின்றது. நாறும்பூநாதன் பக்கத்துக் கடையில் மூன்று டீ சொன்னார். மூன்றாவது யாருக்கு என்று சாரம்மாள் கேட்பதற்குள், வெல்டிங் பட்டறைக்காரர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

கார்த்திகை மழை விட்டபிறகு தோட்டத்துக்குள் முதல்முறையாக ஓட்டினார்கள். அப்போதும் தண்ணீர்தான். முதல் வரிசையில் சாரம்மாள் ஓட்டினார். நேராக நன்றாகப் போனது. வரிசை முடிந்து திரும்புகிற இடத்தில் பாத்திக்குப் போகும் வாய்க்காலில் முன்சக்கரம் இறங்கிவிட்டது. எடுக்கப் பார்த்தார். சக்கரம் மண்ணில் பதிந்திருக்கும்போது திருப்பினால் மோட்டார் திணறும். வயர் சூடாகி நாற்றம் வந்தது.

அப்போது வேலிப் பக்கத்திலிருந்து நேசையா வந்தார். எப்போதிலிருந்து அங்கே நின்றார் என்று யாருக்கும் தெரியாது. நேராக வந்து வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி மேட்டில் வைத்தார். அப்புறம் டீச்சரைப் பார்த்து, "மம்பட்டி எங்கன கெடக்கு?" என்று கேட்டார்.

அன்று முழுக்க அவர் பெட்டியைத் தொடவில்லை. மண்ணைத்தான் வெட்டினார். ஒவ்வொரு வரிசை முடிவிலும் வாய்க்காலில் பழைய சுட்டமண் குழாயைப் பதித்து, மேலே மண் போட்டு மிதித்து, வண்டி திரும்பத் தோதாக இடம் செய்தார். மறுநாளும் வந்தார். அந்த வாரக் கடைசியில் சாரம்மாள் ஓட்டும்போது பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

"ஏளா, அந்த மரம் சின்னது, பைய போவாத, தாண்டு, தாண்டு! ஐயோ, காத்து எதுத்தாப்புல வருது பாரு. இங்கன குடு."

பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். எந்த வரிசையில் முதலில் விட வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆனால் வண்டி திரும்பும்போது வெட்டி வெட்டித் திரும்பியது. சாரம்மாள் ஓட்டும்போது அப்படி இல்லை.

"திருப்புறதுல என்னமோ கோளாறு" என்றார் நேசையா. "நிண்டு நிண்டு போகுது."

சாரம்மாள் சக்கரத்தைப் பார்க்கவில்லை. நேசையாவின் விரலைப் பார்த்தார். பொத்தான்மேல் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. அமுங்கி, விட்டு, அமுங்கி, விட்டு. அவர் ஒரே அமுக்காக அமுக்குவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, ஒரு வயர் லூசா இருக்கும். நாளைக்குப் பாத்துருதேன்" என்றார் சாரம்மாள்.

மறுநாள் நாறும்பூநாதனிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி யோசனை கேட்டுவிட்டு, சர்க்யூட்டில் ஒரு கண்டென்சரைச் சேர்த்தார். அது மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைத்துக்கொள்ளும். விரல் ஒரு கணம் விலகினாலும் பொத்தான் இன்னும் அமுங்கியிருப்பதாகவே வண்டி எடுத்துக்கொள்ளும். நிஜமாகவே விட்டால் சற்றுத் தாமதித்து நடுவுக்கு வரும். சின்னது, பெரியது என்று ஐந்தாறு போட்டுப் பார்த்து ஒன்றை வைத்தார். நேசையா ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்பம் சொன்ன பேச்சு கேக்குது" என்றார். மேற்கொண்டு விவரம் கேட்கவில்லை.

தை மாதம் தொட்டியில் நிஜ மருந்தை ஊற்றினார்கள். கலக்குவதற்குக் கையுறையும் முகமூடியும் டீச்சர் வாங்கிக் கொடுத்திருந்தார். நேசையா வரப்பில் நின்றார். வண்டி மரங்களுக்கு இடையில் புகைபோல மருந்தைக் கக்கிக்கொண்டு போனது. அது திரும்பி வரும்வரைக்கும் சாரம்மாள் அவருக்குப் பக்கத்திலேயே நின்றார். கடைசி வரிசை முடிந்ததும் நேசையா சட்டையைப் பார்த்துக்கொண்டார். காய்ந்திருந்தது.

பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். முதலில் சிரிக்கத்தான் வந்தார்கள், அதில் பொய்யில்லை. "என்னவே நேசையா, பேய் வண்டியால்ல ஓட்டுதீரு" என்றார்கள். அவரும், "ஆமாவே, நீரும் ஏறிக்கிடும்" என்று பதில் சொல்லப் பழகிவிட்டார். கடையத்தில் ஒருவர் தன் தோட்டத்துக்கும் ஒன்று கேட்டார். சாரம்மாள் செய்து கொடுத்தார். அவர் நிலம் மலையடிவாரத்துச் சரிவு. அங்கே சக்கரம் நடுவில் நேராக நின்றாலும் வண்டி பள்ளத்தைப் பார்த்தே போனது, இரண்டு முறை கவிழ்ந்தது. சரிவுக்கு இது சரிவராது என்று சொல்லி, சாரம்மாள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதன்பிறகு யார் கேட்டாலும் செய்யவில்லை.

அடுத்த வருஷம் வைகாசியில் வண்டியின் சக்கரத்தைத் திருப்பும் கம்பி ஒன்று ஒடிந்தது. புதிது வாங்க நேசையா தனியாக அம்பாசமுத்திரம் போனார். நாறும்பூநாதன் பேச்சுவாக்கில் கேட்டார்.

"கைக்காக ஒரு கண்டென்சர் போட்டாளே தங்கச்சி, அதோட இப்பம் நல்லா ஓடுதாவே?"

"எந்தக் கைக்கு?"

நாறும்பூநாதன் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

நேசையா வீட்டுக்கு வந்தபோது சாரம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தார். கம்பியை மூலையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் கை நடுங்குறது ஒனக்கு அப்பமே தெரியுமா?"

சாரம்மாள் நிமிர்ந்தார். "தெனமும் உங்க வட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து சோறு போடுதேன். தெரியாம இருக்குமா?"

"வயர் லூசுன்ன."

"ஆமா, சொன்னேன்."

"நெசத்தச் சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லிருந்தா பெட்டியக் கீழ வச்சுட்டுப் போயிருப்பீய. நாலாம் நாள் ஸ்பிரேயரை முதுகுல மாட்டிருப்பீய."

நேசையா கையை விரித்து முன்னால் நீட்டிப் பார்த்தார். அதுவரைக்கும் அவர் அதை யாருக்கும் முன்னால் அப்படி நீட்டியதில்லை. விரல்கள் நடுங்கின. சாரம்மாள் ஈரக் கையோடு அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கம்பி சரியான அளவுதானா?" என்று கேட்டார் பிறகு.

"அளந்துதான் வாங்கிட்டு வந்தேன்" என்றார் நேசையா.

வண்டி அந்தத் தோட்டத்தில் நாலு வருஷம்போல ஓடியது. தொண்ணூற்று எட்டில் எலுமிச்சை மரங்களில் வாடல் விழுந்து, மருந்துக்கும் கட்டுப்படாமல் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. உலகம்மாள் டீச்சர் அவற்றை வெட்டிவிட்டுத் தென்னை வைத்தார். தென்னம்பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதும் தோட்டத்தை மேற்பார்வை பார்ப்பதும் நேசையாவுக்கு நிரந்தர வேலையாயிற்று. மற்றத் தோட்டக்காரர்கள் கூப்பிட்டபோது, "மருந்து வேலைய விட்டாச்சு" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார். சாரம்மாள் திருநெல்வேலிக்குப் போய் கலர் டி.வி. வேலையைக் கற்றுக்கொண்டு வந்தார். ஊருக்குள் கலர் டி.வி. பெருகிவந்த நேரம் அது. மேஜை போதாமல் முன்னறைச் சுவரில் பலகை அடிக்க வேண்டியிருந்தது. ஆணியை நேசையா பிடித்துக்கொள்ள, சாரம்மாள் அடித்தார்.